பாப்பாவுக்கு எட்டாத ரயில்

கேள்வி: என் மகளுக்கு வரும் தை மாதம் எட்டு வயது நிறைகிறது. பிறந்தநாள் பரிசாக மாடல் ரயில் ஒன்று அமைத்துத் தருகிறேன். எச்ஓ (HO) என்கிற மாடல் ரயில் அளவில் தொடக்க செட் வாங்கிவிட்டேன். அதில் சின்ன டீசல் எஞ்சின், 18 அங்குல ஆரமுள்ள வளைவுத் தண்டவாளம், கன்ட்ரோலர் எல்லாம் இருக்கின்றன. இனி பெட்டிகள்தான். 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எங்கள் ஊர் வழியாகப் போகும் ராமேஸ்வரம் வண்டி போலவே, அச்சு அசலாக எட்டு நீளப் பெட்டிகளும், பெரிய நீராவி எஞ்சின் ஒன்றும் வாங்க ஆசை. வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறையை ஒழித்து, 8க்கு 4 அடி பிளைவுட் மேசை போட்டாயிற்று. பாப்பா கை வைத்துவிடாமல் இருக்க நாலரை அடி உயரத்தில் போட்டிருக்கிறேன். பெரியவளானதும் அவளிடமே கொடுத்துவிடுவேன். முதன்முதலாக வாங்கும் எனக்கு எந்தப் பெட்டிகள் சரிவரும்?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தம்பி, பெட்டிகளைப் பற்றி அப்புறம் பேசலாம். போகிறபோக்கில் மேசையின் உயரத்தை எழுதியிருக்கிறீர்கள். நாலரை அடி. எட்டு வயதுப் பெண்பிள்ளை சாதாரணமாக நாலடிக்குச் சற்று மேலே இருப்பாள். கண் அதற்கும் கீழே. அந்த மேசை முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் பிளைவுட்டின் அடிப்பக்கமும் தொங்குகிற ஒயரும்தான் தெரியும். ரயில் தெரியாது. தன் பிறந்தநாளன்று அவள் "தூக்கிக் காட்டுப்பா" என்று கேட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே இறங்கிக்கொள்ள வேண்டும். இதைப் பரிசு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்களுக்கு ரயில் மேல் ஆசை. அதில் தப்பே இல்லை. உங்கள் காசில் உங்களுக்கென்று வாங்கி ஓட்டுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. மகள் பெயரைச் சொல்லி வாங்குவதுதான் தப்பு. பாப்பாவுக்கு என்று சொன்னதால்தானே வீட்டில் அறையும் பணமும் பேச்சில்லாமல் கிடைத்தன? இந்தக் கடிதம் சாமான் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. பையனுக்கென்று கேமரா, பெண்ணுக்கென்று கீபோர்டு. கொஞ்ச நாளில் அது பீரோவின் மேலே ஏறிவிடும். பெரியவளானதும் தருகிறேன் என்பார்கள். பெரியவளானதும் அவளுக்குப் பத்தாம் வகுப்பும் டியூஷனும் வந்துவிடும். ரயில் கேட்கிற வயது இப்போதுதான் இருக்கிறது.

நீங்கள் செட்டிநாட்டுக்காரர். பெண்ணுக்கு வைக்கிற சாமானை ஒரு கரண்டி விடாமல் சிட்டை எழுதிக் கொடுக்கிற ஊர் நம்முடையது. சிட்டையில் ஏறிவிட்டால் அது அவள் பொருள். பெற்றவரே ஆனாலும் அவளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த முறையை நான் முழு மனதோடு நம்புகிறேன், எட்டு வயதுப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான். அதே ஊரில் ஒருநாளும் அடுப்பேறாத பாத்திரங்கள் பூட்டிய அறைகளில் அடுக்கியபடி கிடக்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை மகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆகவே முதல் செலவு பெட்டிக்கு இல்லை, ஆசாரிக்கு. மேசைக் கால்களை அறுத்து இரண்டரை அடிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சுவரை ஒட்டிப் போடாதீர்கள். நாலடி அகலத்தை ஒரு பக்கமிருந்து அவளால் எட்ட முடியாது, சுற்றி வர வழி வேண்டும்.

குழந்தை தொட்டால் அசல் தன்மை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். அந்த அசலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எச்ஓ என்பது 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், அதை 87ஆல் வகுத்தால் 19க்கு மேலே வருகிறது. உங்கள் தாத்தா காலத்தில் காரைக்குடி வழியாக ஓடியது மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் இடைவெளிப் பாதை. அதற்கு 11.5தான் வரும், அந்த அளவுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தனியாக விற்கிறார்கள். ராமேஸ்வரம் வண்டியின் எந்தக் காலத்துப் பெட்டியை வாங்கினாலும், நீங்கள் வாங்கிவைத்திருக்கிற தண்டவாளத்தில் அது அச்சு அசல் ஆகாது. இல்லாத ஒன்றைக் காப்பாற்றத்தான் பிள்ளையைத் தள்ளி நிறுத்துகிறீர்கள்.

நீளத்தையும் பாருங்கள். பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி 21.3 மீட்டர் நீளம், எச்ஓவில் 24.5 சென்டிமீட்டர். இப்போது ஓடுகிற புது வகை எல்எச்பி பெட்டி என்றால் 27. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது மாடல் ரயில்காரர்களின் கைக்கணக்கு. இரண்டு மடங்குக்குக் கீழே போனால் தொல்லைதான். உங்கள் வளைவு 18 அங்குலம், அதாவது 46 சென்டிமீட்டர். ஐசிஎஃப் பெட்டிக்கு இரண்டு மடங்குகூட வரவில்லை. வளைவில் மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பெட்டிகளை இணைக்கிற கப்ளிங் அவற்றைப் பக்கவாட்டில் இழுக்கும், பின்னோக்கித் தள்ளினால் தடம் புரளும். மூன்று மடங்கு வளைவு போட 5 அடிக்கு மேல் அகலம் தேவை, உங்கள் மேசையில் அதற்கு இடமில்லை. அதோடு எட்டுப் பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் 2 மீட்டரைத் தாண்டும். உங்கள் முழுச் சுற்றே ஐந்தரை மீட்டர் சொச்சம்தான். கிட்டத்தட்டப் பாதிச் சுற்றை ரயிலே அடைத்துக்கொண்டால் அது எங்கிருந்து எங்கே போகும்?

அதே 46ஐ மூன்றால் வகுத்தால் 15 சென்டிமீட்டர். அந்தக் காலத்து அமெரிக்க 40 அடி கூட்ஸ் வேகன் எச்ஓவில் 14 சென்டிமீட்டர். நீங்கள் வாங்க வேண்டியது அதுதான். ஐந்தாறு குட்டை வேகன்கள் போதும், ஒன்றுபோல இன்னொன்று வேண்டாம். மூடிய வேகன் ஒன்று, திறந்த வேகன் இரண்டு, தட்டை வேகன் ஒன்று, டேங்கர் ஒன்று, கடைசியில் ரயில் கார்டு உட்காரும் வேன். திறந்த வேகன் ஏன் இரண்டு என்றால், குழந்தை சரக்கு ஏற்றி இறக்குவாள். பயணிகள் பெட்டியில் அவளுக்கு என்ன வேலை இருக்கிறது? அது சுற்றும், அவள் பார்ப்பாள், அவ்வளவுதான். வேகனில் தீக்குச்சிகளை மரமாக அடுக்கலாம், கூழாங்கல் ஏற்றலாம், ஒரு வேகனைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டு அடுத்த சுற்றில் வந்து எடுக்கலாம். கடுகு, கேழ்வரகு மட்டும் வேண்டாம். சிந்தினால் தண்டவாளத்தில் சிக்கி வேகன் இறங்கிவிடும்.

வாங்கும்போது சக்கரத்தைப் பாருங்கள். உலோகச் சக்கரம் நல்லது. பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கைச் சேர்த்துத் தண்டவாளம் முழுக்கத் தேய்க்கும். விரலால் லேசாகத் தள்ளினால் தடங்கலில்லாமல் உருள வேண்டும். கப்ளிங் எல்லாவற்றிலும் ஒரே வகையாக இருக்க வேண்டும், உங்கள் எஞ்சினில் இருக்கிற அதே வகை. கைவிரல் மடக்கியது போன்ற அமெரிக்க வகையும் ஐரோப்பிய வளைய வகையும் ஒன்றோடொன்று சேராது, விலை மலிவு என்று கலந்து வாங்கிவிடாதீர்கள். கைப்பிடி, ஏணி எல்லாம் உடலோடு வார்த்ததாக இருக்கட்டும். தனியாக ஒட்டிய மெல்லிய கம்பிகள் குழந்தை கையில் மட்டுமல்ல, உங்கள் கையிலும் உடையும்.

எடை பற்றி யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் பாதித் தடம்புரளல் அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் எச்ஓ வேகனுக்குச் சொல்லும் அளவு, அடிப்படையாக 1 அவுன்ஸ், அதன் மேல் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 14 சென்டிமீட்டர் வேகனுக்கு ஏறக்குறைய 105 கிராம் வரும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் உள்ளே அடியில் இரும்பு வாஷர் ஒட்டிச் சரிசெய்யுங்கள். இதை மகளோடு உட்கார்ந்து செய்யுங்கள். எட்டு வயதுக்குத் தராசு பார்க்கத் தெரியும்.

பெரிய நீராவி எஞ்சின் வேண்டாம். வரிசையாக நிற்கும் அதன் பெரிய சக்கரங்களுக்கு இந்த வளைவு பற்றாது. ஒருமுறை இறங்கினால் அத்தனை சக்கரத்தையும் தண்டவாளத்தில் ஏற்றுவதற்கு நீங்களே திணறுவீர்கள், அவள் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கையில் இருக்கிற டீசல் எஞ்சின் ஆறு வேகனுக்குப் போதும். நம் வீடுகளில் வளவுப் பக்கமிருந்து தூசி வரத்தான் செய்யும். ஓட்டாத நேரத்தில் பழைய வேட்டியால் மூடுங்கள். தண்டவாளத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள்.

தடம் புரண்ட வேகனைத் திரும்ப ஏற்ற அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்படிச் செய்யும்போது உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வேகன் கீழே விழும். விழட்டும், அது அவளுடைய வேகன்.

எந்த வேகன் என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் காரைக்குடி ஜங்ஷனுக்குக் கூட்டிப்போங்கள். கூட்ஸ் வண்டி நின்றால் பிளாட்பாரத்திலிருந்தே காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். இந்த ஆறு வேகனுக்கு மேல் இப்போது எதுவும் வாங்க வேண்டாம். மீதிப் பணத்தை அவள் பெயரில் எடுத்து வையுங்கள். அடுத்த வேகன் வேண்டும் என்று அவள் வந்து கேட்கும்போது, எது என்று அவளையே சொல்லவிட்டு அதை வாங்குங்கள்.