சிஎல்ஏ-ல கையெழுத்து போடலாமா? கேளுங்க, சொல்றேன்

ஓப்பன் ஸ்டாண்டர்டுக்கு (யார் வேணா எடுத்து பயன்படுத்தற பொது டெக்னிக்கல் விதிமுறை) எழுத ஆரம்பிச்சிருக்கிற நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன், ஜோபர்க் ஆளுங்க சிஎல்ஏ பத்தி, அதாவது நாம எழுதிக் குடுக்கறதை எப்படி பயன்படுத்தலாம்னு போடற பங்களிப்பு ஒப்பந்தம் பத்தி, கேட்டதுக்கு ஒவ்வொண்ணா பதில் போடறேன்.

சாட்ஸ்வர்த்ல இருந்து: அக்கா, சிஎல்ஏ-ல கையெழுத்து போட்டா நான் எழுதினது என்னோடது இல்லாம போயிடுமா?

போகாதுப்பா. அப்பாச்சி (ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் அமைப்பு) சிஎல்ஏ, டபிள்யூ3சி (வெப் ஸ்டாண்டர்டு போடற அமைப்பு) கம்யூனிட்டி குரூப் சிஎல்ஏ ரெண்டுமே லைசென்ஸ்தான், அதாவது பயன்படுத்த அனுமதி மட்டும், காப்பிரைட் உன்கிட்டயே இருக்கும். "அசைன்"னு வார்த்தை கண்ணுல பட்டா மட்டும் நிறுத்தி நிதானமா படி, உரிமையையே எழுதிக் குடுக்கற விஷயம் அது.

மிட்ராண்ட்ல இருந்து: பேங்க் ஐடில இருக்கேன், ராத்திரி வீட்டுல உக்காந்துதான் எழுதறேன், ஆஃபீஸ்ல கேக்கணுமா?

கண்டிப்பா கேளுங்க தம்பி, முதல் பேட்ச் (திருத்தம்) அனுப்பறதுக்கு முன்னாடியே. இங்க 1978 காப்பிரைட் ஆக்ட் 21வது செக்‌ஷன் படி வேலையோட பாகமா எழுதினது முதலாளிக்குத்தான் சொந்தம், பகல்ல பேமென்ட் ஏபிஐ பண்ணிட்டு ராத்திரி பேமென்ட் ஸ்டாண்டர்டுக்கு எழுதினா மணி பத்துங்கற ஒண்ணு மட்டும் உங்கள காப்பாத்தாது, வேலை கான்ட்ராக்ட்ல ஐபி பத்தி என்ன போட்டிருக்குன்னும் பாருங்க. இதுல பெரிய தலைவலி பேட்டன்ட். பேங்க் பேர்ல இருக்கற பேட்டன்ட்டை (கண்டுபிடிப்பு உரிமை) யார் வேணா பயன்படுத்தலாம்னு நீங்க வாக்கு குடுக்க முடியாது. "இந்த ஸ்பெக்குக்கு (ஸ்டாண்டர்டோட எழுத்து வடிவம்) என் பங்களிப்பை இந்த லைசென்ஸ்ல குடுக்க கம்பெனிக்கு ஆட்சேபணை இல்ல"ன்னு மேனேஜர்கிட்டயும் லீகல்கிட்டயும் மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க. வாய்ல சொன்னதெல்லாம் ஆள் மாறினா நிக்காது.

ஃபீனிக்ஸ்ல இருந்து: எனக்கு 17 வயசு, நான் போடலாமா?

இங்க 18 ஆகணும் கண்ணா. அம்மா அப்பாவும் சேந்து போடட்டும்.

பிரிட்டோரியால இருந்து: டிசிஓ மட்டும் போதாதா?

டிசிஓன்னா டெவலப்பர் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின், லினக்ஸ் கோட் பத்தி எஸ்சிஓ கம்பெனி போட்ட கேஸுக்கு அப்புறம் 2004ல லினக்ஸ்ல வந்தது அது. கமிட்ல (பதிவு பண்ற கோட் மாற்றத்துல) "சைன்ட்-ஆஃப்-பை"ன்னு ஒரு வரி, இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். பேட்டன்ட் பத்தி வாயே திறக்காது. ஸ்டாண்டர்டுன்னா ஊரே அதை வச்சு கட்டப் போகுது, நாளைக்கு எவனாவது பேட்டன்ட்ட தூக்கிட்டு வந்து காசு கேட்டா மொத்தமும் நின்னுடும். அதனாலதான் டபிள்யூ3சி குரூப்ல சிஎல்ஏ உங்க பங்குக்கு மட்டும், ஸ்பெக் முடிஞ்சதும் மொத்தத்துக்கும் தனியா ஒரு ஒப்பந்தம் கேப்பாங்க. அதையும் போடுங்க, நிறைய பேர் அங்கதான் நழுவறாங்க.

டர்பன்ல இருந்து: எல்லாம் போட்டும் என் ப்ரொபோசலை தள்ளிட்டாங்க, ஓட்டு கிடையாதா?

கையெழுத்துக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஐஈடிஎஃப்-ல (இன்டர்நெட் ஸ்டாண்டர்டு போடற அமைப்பு) ஓட்டே எடுக்க மாட்டாங்க, ஆட்சேபணைக்கு பதில் சொல்லப்பட்டுச்சான்னுதான் பாப்பாங்க. உங்களுக்கு பதிலே வரலன்னா குரூப் தலைவர், அதாவது சேர்கிட்ட எழுத்துல கேளுங்க, சரியாகலன்னா அந்தத் துறைக்குப் பொறுப்பான ஏரியா டைரக்டர், அப்புறம் ஏரியா டைரக்டர்கள் சேந்த ஐஈஎஸ்ஜி குழு, அதுக்கும் மேல ஐஏபிங்கற மேல்மட்டக் குழு வரைக்கும் அப்பீல் போகலாம். டெக்னிக்கல் காரணத்தோட போங்க, கோவத்தோட போகாதீங்க.