செல்லப் பிராணிக்குக் கொஞ்சலான பெயர் வைப்பது எப்படி?

செல்லப்பெயர் என்பது அன்போடு கூப்பிடுவதற்கென்றே வைக்கும் பெயர். அம்மு, சிட்டு, மணி, புஜ்ஜி போல இரண்டு துண்டாக (அம்-மு, ம-ணி) ஒலித்தால் போதும்.

ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? நாய்க்கும் பூனைக்கும் பெயரின் பொருள் தெரியாது, ஒலிதான் தெரியும். பூனைகள் தம் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர் அட்சுகோ சைட்டோவின் குழு 2019இல் காட்டியது. கூட்டத்தின் இரைச்சலிலும் நம் பெயர் காதில் விழுந்தால் சட்டெனத் திரும்புகிறோமே, அதுபோலத்தான். நீளமான பெயரை வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சுருக்குவார்கள். பாவம், எது தன் பெயர் என்று அது குழம்பும்.

எனக்கு இகரத்தில் முடியும் பெயர்கள்தான் ரொம்பப் பிடிக்கும். தமிழில் அழைக்கும்போது அந்த இகரம் தானாக நீளும்: மணி, 'மணீ' ஆகிவிடும். தூரத்திலிருந்து கூப்பிட இது எவ்வளவு வசதி! அப்புறம், தினமும் சொல்லும் கட்டளைகளோடு பெயர் மோதக்கூடாது. 'வாலு' அழகான பெயர்தான், ஆனால் முதல் எழுத்திலேயே 'வா' கேட்கும். முடிவு செய்யுமுன் பத்து முறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். கூப்பிட்டதும் கொஞ்சம் தீனியோ ஒரு தடவலோ கொடுங்கள். திட்டும்போது மட்டும் அந்தப் பெயர் வேண்டாமே.

வளர்ந்த பிராணிக்குப் பெயரை மாற்றக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை, புதுப் பெயரோடு நல்ல அனுபவம் சேர்ந்தால் அதையும் பழகிக்கொள்ளும்.