வெயில் காலத்து நீரும் உப்பும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். நாளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறார். அப்படியும் சாயங்காலமானால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, தலையும் வலிக்கிறது. இன்னும் அதிகமாகக் குடிக்க வேண்டுமா?
– வாசகி, வேலூர்

பதில்: தண்ணீரைக் கூட்ட வேண்டாம், உப்பைக் கவனியுங்கள். வியர்வையோடு உப்பிலுள்ள சோடியமும் வெளியேறுகிறது. அதை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும். தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல் எல்லாம் அதனாலும் வரும்.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு அனுப்பாதீர்கள். நாம் இழக்கும் உப்பில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்துதான் திரும்பக் கிடைக்கிறது. உப்புப் போட்ட நீராகாரத்தோடு பழைய சோறு இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். வெயிலில் நிற்கும்போது 15 – 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் (200 மி.லி. அளவு) குடிக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்வது உதவாது. மணிக்கு ஒன்றேகால் லிட்டரைத் தாண்டவும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்த்துக்கொட்டினால், இடையிடையே நீர்மோர் கொடுங்கள்: ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர், லிட்டருக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பு. கல் உப்பைக் கரண்டியால் அளந்தால் இடைவெளி விழுந்து அளவு குறையும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு–சர்க்கரைப் பொடி) பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கலந்து மகனுக்குக் கொடுக்கிறேன். சரிதானா? வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து இதை இன்றே நிறுத்துங்கள். லிட்டர் பாக்கெட்டில் பாதி என்றால் அது அரை லிட்டருக்கான உப்பு. ஒரு டம்ளரில் கரைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியாகிவிடும். குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடுவது ஆபத்து. பாதி பாதியாகப் பிரித்தாலும் எல்லா உப்பும் சமமாக வந்து விழாது. உறையில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். கரைத்த பிறகு கொதிக்க வைக்க வேண்டாம், பாலிலோ ஜூஸிலோ கலக்கவும் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில், லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 இருக்கும். வாங்கும்போது உறையில் இதைப் பாருங்கள். இனிப்பான டெட்ரா பேக் பானங்கள் இதற்கு ஈடாகாது.

அவசரத்துக்கு வீட்டில் செய்யலாம்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை ருசிக்காக அல்ல. குடலில் குளுக்கோஸ் சோடியத்தையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறது, தண்ணீர் பின்தொடர்கிறது. சர்க்கரை அளவை மீறினால் குடல் உடம்பிலிருந்து நீரை இழுத்து, வயிற்றுப்போக்கு அதிகமாகும். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

கேள்வி: எழுபத்தெட்டு வயதான அம்மா தாகமே இல்லை என்கிறார். தினம் இரண்டு இளநீர் கொடுத்தால் போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வயதானால் தாக உணர்வு மங்கிவிடும், அவர் சொல்வது உண்மைதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அந்தப் பொட்டாசியம் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். அவருடைய மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரை இருந்தால், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மருத்துவர் அனுமதிக்கும் அளவைப் பகலிலேயே பிரித்துக் கொடுங்கள். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்ற பயத்தில்தான் பல பெரியவர்கள் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதுமான நீர் சேர்கிறது, டீ டிக்காஷன் நிறத்தில் போனால் சேரவில்லை.