லேபில் ‘டிபி ஐஜிஎம் பாசிட்டிவ்’ வந்தால் மூளைக் காசநோயா?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அக்கா மகனுக்கு 9 வயது. இரண்டு வாரமாகக் காய்ச்சல், தலைவலி, வாந்தி. பக்கத்து லேபில் ரத்தம் எடுத்து டிபி ஐஜிஎம் பாசிட்டிவ் என்று கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் முதுகில் நீர் எடுக்கணும் என்கிறார்கள். எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று அம்மா அழுகிறார். ரத்தப் பரிசோதனையே போதாதா?”

போதாது. நீர் எடுக்க இன்றைக்கே சம்மதம் சொல்லுங்கள். பையன் எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மாறுகண் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஐஜிஎம் என்பது ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள்; லேபில் செய்தது ஆன்டிபாடி டெஸ்ட். அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. நம் ஊரில் டிபி கிருமி உள்ளே போயும் நோய் வராமல் நன்றாக இருக்கிறவர்கள் ஏராளம், அது போக மண்ணிலும் தண்ணீரிலும் அதே இனத்துக் கிருமிகள் இருக்கின்றன, அதனால் நோயே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் வரும். நோய் முற்றியவருக்கு நெகட்டிவ் வருவதும் உண்டு, அதுதான் இன்னும் ஆபத்து. 2011இல் உலக சுகாதார நிறுவனம் டிபிக்கு இந்த டெஸ்ட் வேண்டாம் என்று சொன்னது. 2012 ஜூனில் மத்திய அரசு இந்தக் கிட்களைத் தயாரிக்க, விற்க, பயன்படுத்தத் தடையே போட்டுவிட்டது. அப்படியும் ரிப்போர்ட் வருகிறதென்றால் லேப்காரரை நிற்கவைத்துக் கேளுங்கள். (‘டிபி கோல்டு’ என்ற ரத்தப் பரிசோதனை வேறு வகை. ஆனால் அதுவும் கிருமி உள்ளே போயிருக்கிறதா என்றுதான் காட்டும், நோய் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது.)

ஆன்டிபாடி டெஸ்ட் எல்லாமே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்ஐவிக்கு அது அருமையான சோதனை, காய்ச்சல் தொடங்கி ஐந்தாறு நாள் கழித்து டெங்குவுக்கும் உதவும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு முதுகு நீரிலேயே ஐஜிஎம் பார்ப்பார்கள்.

சரி, அம்மாவின் பயம். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்குக் கீழே. மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். நீர் எடுத்த பிறகு ஒன்றிரண்டு நாள் தலைவலி இருக்கலாம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீர்தான் இது, சொட்டுச் சொட்டாக டியூபில் விழும். டிபி என்றால் பெரும்பாலும் தெளிவாகவோ லேசாக மங்கியோதான் இருக்கும், சற்று நேரம் அசையாமல் வைத்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய படலம் கட்டுவதும் உண்டு. லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களும் புரதமும் கூடி, சர்க்கரை குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையின் முடிவு இரண்டு மணி நேரத்தில் தெரியும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். இந்த நீரில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், ஆகவே பாதுகாப்பாக எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்து அனுப்பினால்தான் அகப்படும். சிபிநாட் நெகட்டிவ் என்றாலும் டிபி இல்லை என்று ஆகிவிடாது. அறிகுறி, ஸ்கேன், நீர் மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, கல்ச்சர் வரும்வரை காத்திராமல் டாக்டர் மருந்தைத் தொடங்கினால் தடுக்காதீர்கள். வழக்கமாக ஒரு வருடம் மருந்து, ஆரம்ப வாரங்களில் ஸ்டெராய்டும் சேரும். அரசு மருத்துவமனையில் டிபி மருந்து இலவசம்.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, முன்பு யாராவது டிபி மாத்திரை சாப்பிட்டார்களா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஐஜிஎம் பேப்பரைவிட அவருக்கு இதுதான் உதவும்.