இரவு ஒரு மணிக்கு வரும் நான்காமவன்

அன்புள்ள ஐயா,

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் மகன், நாளாந்தம் இரவு ஒரு மணிக்குப் பின்னர்தான் கைபேசியில் பப்ஜி விளையாடத் தொடங்குகிறான். தம்பி தங்கைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடி வளர்ந்த எனக்கு, அந்த அறையிலிருந்து வரும் வெடிச்சத்தம் தாங்க முடியாததாக இருக்கிறது. பரிசும் இல்லை, காசும் இல்லை. தோற்றாலும் திரும்பத் திரும்பப் போகிறான். துப்பாக்கி மேல் இவர்களுக்கு அப்படி என்ன ஆசை? அவனோடு சேர்ந்து விளையாடுபவர்கள் மூன்று பேர்: இருவர் ஊரில் இருக்கிறார்கள், ஒருவன் கத்தாரில் வேலை செய்கிறான்.

ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. கத்தாரின் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே இரவு பத்தரைக்கு வேலை முடித்துக் கட்டிலில் சாய்கிறவனுக்கு இங்கே ஒரு மணி. உங்கள் மகன் அதுவரை விழித்திருப்பது அவனுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் கல்லடியில் தங்கை வீட்டில், மருமகனுக்குப் பக்கத்தில் அமர்ந்து இதே விளையாட்டில் ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பார்த்தேன். நூறு பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். நால்வர் நால்வராகச் சேர்ந்து, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை நிற்கப் பார்க்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் சுட்ட நேரம் மிகக் குறைவு. வீடு வீடாக மருந்தும் தோட்டாவும் பொறுக்குவதும், யாரிடம் எது குறைவு என்று கேட்டுப் பங்கிடுவதுமாகவே பெரும்பகுதி கழிந்தது. பிறகு ஒருவன் அடிபட்டு விழுந்தான். "மச்சான், நாக் ஆகிட்டன், வந்து தூக்குடா" என்ற குரல் கேட்டது. விழுந்தவனைத் தூக்கப் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடியும் தூக்குகிறவன் சுட முடியாது, எதிரி வந்துவிட்டால் இருவரும் போய்விடுவார்கள். மருமகன் புகைக்குண்டை எறிந்துவிட்டு மதிலோரமாகத் தவழ்ந்து போய் அவனைத் தூக்கினான். அடுத்த நிமிடமே இருவரும் செத்தார்கள். நால்வரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். உடனே அடுத்த ஆட்டம் தொடங்கியது.

துப்பாக்கி ஆசை பற்றிக் கேட்டீர்கள். ரயன், ரிக்பி, பிரசிபில்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்பவும் வரவைப்பவை மூன்று என்றார்கள்: கை தேறிவருகிறது என்ற உணர்வு, தன் விருப்பப்படி முடிவெடுக்க முடிதல், பிறரோடு கொள்ளும் உறவு. அதே மூவரும் 2009இல், விளையாட்டிலுள்ள வன்முறை இந்த ஈர்ப்புக்கு மிகச் சிறிதளவே சேர்க்கிறது என்று காட்டினார்கள். கல்லடியில் நான் கண்டதும் அதுதான்.

நம் மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டோடு நடந்த கொம்புமுறியை நீங்கள் அறிவீர்கள். ஊரே வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றிலொன்று மாட்டி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுத்தது. தோற்ற பக்கத்தார் வசைப்பாட்டையும் கேட்டுக்கொண்டு, அடுத்த முறையும் தம் சேரிக்காகக் கயிற்றைப் பிடிக்க வந்தார்கள். அவர்களுக்கும் காசு கிடைக்கவில்லை.

கை தேறிவருகிறது என்ற உணர்வு எதிரி ஏறத்தாழச் சமமானவனாக இருந்தால்தான் வரும். சதுரங்க வீரர்களின் பலத்தை எண்ணால் அளக்க ஆர்பட் ஈலோ வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. இன்று பல இணைய விளையாட்டுகள் ஆட்களைப் பொருத்திவிடுவது அதன் வழிவந்த கணக்குகளால்தான். அதனால் தோல்வி எப்போதும் ஒரு சிறு பிழையால் வந்ததாகவே தெரிகிறது; அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்று மனம் நம்புகிறது.

இவை நல்லவை என்றே கருதுகிறேன். ஆனால் நிறுவனங்கள் இவற்றின் மேல் வேறொன்றையும் கட்டியிருக்கின்றன. நாளாந்தம் உள்ளே வந்தால்தான் கிடைக்கும் வெகுமதி, சீசன் முடிந்ததும் இறக்கப்படும் தரம், காசு கொடுத்து வாங்கிய பாஸின் (இலக்குகளை முடிக்க முடிக்க வெகுமதி தரும் சீட்டு) படிகளை அதன் காலம் முடிவதற்குள் நிரப்ப வேண்டிய அவசரம்: இவை ஊக்கத்தால் அல்ல, இழந்துவிடுவோமென்ற பயத்தால் பிள்ளைகளை இழுத்துவைக்கின்றன. நண்பர்கள் இல்லாத நேரத்திலும் உங்கள் மகன் தனியே உள்ளே போகிறானா என்று கவனியுங்கள். போகிறானென்றால், அவனைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இந்தப் பயம்தான். அதைப்பற்றி அவனிடம் கண்டிப்பாகப் பேசத்தான் வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன். ஹெட்போன் போடச் சொல்லுங்கள். ஏன் என்பதையும், அந்தப் பங்கரைப் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள், ஒருவேளை அவன் இதுவரை கேட்டிருக்கமாட்டான். கத்தாரில் வெள்ளிக்கிழமை பொதுவாக விடுமுறை. அன்று மாலையிலேயே நால்வரும் சேர முடியுமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்