மேல் தாடை எலும்புத் தேய்மானத்துக்கு எந்த நோய்க் கோடு (code)? எக்ஸ்ரேயைப் பார்த்து நாமே முடிவு செய்யலாமா?

கேள்வி: பிடிஎஸ் (பல் மருத்துவம்) முடித்துவிட்டு மதுரையில் மெடிக்கல் கோடிங் வேலையில் சேர்ந்திருக்கிறேன்: டாக்டர் எழுதிய நோயை ஐசிடி என்ற நோய்ப் பட்டியலின் குறியீட்டு எண்ணாக மாற்றும் வேலை. அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகள் (சிகிச்சைக் குறிப்புகள்). ஓபிஜியில் (இரு தாடையையும் காட்டும் எக்ஸ்ரே) மேல் தாடை எலும்பு நன்றாகக் கரைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. டாக்டர் தீவிரம் எதையும் எழுதவில்லை. கே08.24, கே08.25, கே08.26 மூன்றில் எதைப் போடுவது?

பதில்: மூன்றையும் போடாதீர்கள். பல் இல்லாத ஈறு மேட்டில் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது கே08.20, அதாவது தீவிரம் குறிப்பிடாத தேய்மானம். மேல் தாடைக்கு 24 லேசானது, 25 மிதமானது, 26 கடுமையானது. இந்த மூன்றில் ஒன்றைப் போட, அந்த வார்த்தை டாக்டரின் பேனாவிலிருந்து வந்திருக்க வேண்டும்.

நானும் பிடிஎஸ்தான். பகலில் இலந்தைக்குளம் பக்கம் கோடிங், மாலையில் காளவாசலில் ஒரு கிளினிக். என்னோடு வேலை பார்க்கும் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமே வராது. அவர்கள் படத்தைத் திறப்பதில்லை, எழுத்தை மட்டும் படிப்பார்கள். நமக்குத்தான் ஓபிஜியைப் பார்த்ததும் கை பரபரக்கும்.

தீவிரத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அந்த இடத்தில் பல் இருக்கிறதா, இல்லையா? கே08.2 வரிசை முழுக்கப் பல் போன இடத்துக்கானது. பல் நின்றுகொண்டிருக்க, ஈறு நோயால் சுற்றியுள்ள எலும்பு கரைந்திருந்தால் அது கே05.3 வரிசைக்குப் போகும். 'போன் லாஸ்' (எலும்பு இழப்பு) என்ற சொல்லைக் கண்டதும் கே08க்குப் பாய்கிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

நம் ஊர் கிளினிக்கில் இந்த இரண்டாவது வகையைத்தான் அதிகம் பார்க்கிறேன். மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் பெரியவர்களுக்கு மேல் கடைவாய்ப் பல் ஆடும், சீழ் வரும், ஆனாலும் பிடுங்க விடமாட்டார்கள். "மேப்பல்லைப் புடுங்குனா கண்ணு போயிரும்யா" என்பார்கள். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு என்று எத்தனை முறை சொன்னாலும் பக்கத்து வீட்டு அத்தையின் சாட்சிக்கு முன்னால் எடுபடாது. அப்படியே விட்டு, பல் தானாக விழும்போது அதைத் தாங்கிய எலும்பையும் நோய் தின்று முடித்திருக்கும். இதே ஆளின் சார்ட்டைக் கோடு செய்வதாக வைத்துக்கொண்டால், பல் ஆடிக்கொண்டிருந்த நாளின் விசிட்டுக்கு கே05.3 வரிசை, பல் விழுந்து, புண் ஆறி, பல் செட் கேட்டு வந்த நாளில் டாக்டர் தேய்மானம் என்று எழுதினால் கே08.2.

சரி, படத்திலேயே அளந்து தீவிரத்தைச் சொல்லிவிட முடியாதா? முடியாது, அதற்குக் காரணம் இருக்கிறது. மேல் தாடையின் வெளிப்பக்க எலும்புச் சுவர் மெல்லியது. பல் போனதும் முதலில் கரைவது அதுதான், அதிலும் முதல் ஆண்டிலேயே பெரும்பகுதி போய்விடும். அதனால் மேட்டின் அகலம் உள்நோக்கிச் சுருங்குகிறது. ஓபிஜியில் தெரிவதோ உயரம் மட்டும். கத்தி விளிம்பு மாதிரி மெலிந்துபோன மேடுகூட அந்தப் படத்தில் நல்ல உயரமாக நிற்கும். இன்னொரு பக்கம், கடைவாயில் சைனஸின் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) தரை கீழே இறங்கி வரும். வாய்க்குள் விரலால் தடவினால் மேடு கொழுகொழுவென்று இருக்கும், மேலே பார்த்தால் சைனஸுக்கும் ஈறுக்கும் நடுவே முட்டை ஓடு போல எலும்பு. போதாக்குறைக்கு ஓபிஜி படத்தைப் பெரிதாக்கியும் காட்டும். அதனால்தான் 5 மி.மீ. இரும்புக் குண்டை வாயில் வைத்துப் படம் எடுப்பது. படத்தில் குண்டு 6.25 மி.மீ. வந்தால், அந்த இடத்தில் எல்லா அளவையும் 1.25ஆல் வகுக்க வேண்டும். அகலம் தெரிய வேண்டுமென்றால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன்தான்.

இத்தனையும் செய்து துல்லியமாக அளந்தாலும் கோடிங்குக்கு உதவாது. இத்தனை மி.மீ. இருந்தால் லேசு, இத்தனை இருந்தால் கடுமை என்று ஐசிடி புத்தகத்தில் எல்லை எதுவும் இல்லை. பல் போன தாடை மேட்டின் வடிவத்துக்கு 1988இல் கேவுட், ஹவல் இருவரும் கொடுத்த பிரிவுகள் ஆறு. ஐசிடியில் இருப்பது மூன்று சொல். 'கிளாஸ் ஐந்து' என்று டாக்டர் எழுதினால்கூட அதை 'கடுமை' என்று நாமாக மாற்றக் கூடாது. ஈறு நோயிலும் இதே கதைதான்: டாக்டர்கள் இப்போது ஸ்டேஜ், கிரேடு என்று எழுதுகிறார்கள், ஐசிடியோ லேசு, மிதம், கடுமை என்று கேட்கிறது.

அப்புறம் என்ன செய்வது? டாக்டருக்கு கொயரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்ப வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "சிவியர்தானே டாக்டர்?" என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டிவிடுவதாகும், ஆடிட்டில் மாட்டும். சார்ட்டில் இருப்பதை அப்படியே எடுத்துக் காட்டி, லேசு, மிதம், கடுமை, வேறு, தீர்மானிக்க இயலவில்லை என எல்லா வாய்ப்பையும் வைத்துக் கேளுங்கள். தேய்மானம் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று புறநோயாளிக் குறிப்பில் இருந்தால் அதை உறுதியான நோயாகக் கோடு செய்யாதீர்கள்.

எலும்புத் தேய்வுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரை சாப்பிட்டு அதனால் தாடை எலும்பு செத்துப்போனது என்று டாக்டர் எழுதியிருந்தால் அது எம்87.180, கூடவே அந்த மருந்துக்குரிய டி (T) கோடு. கே08.2இன் பக்கமே போக வேண்டாம்.

நம் பிடிஎஸ் மூளை இன்னோர் இடத்திலும் காலை வாரிவிடும்: பல் எண். நமக்கு 16 என்றால் வலது மேல் முதல் கடைவாய்ப் பல். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை நேராக எண்ணுவதால் அதே பல் 3. அவர்களுடைய 16 இடது மேல் ஞானப் பல். கே08.2 கோடுகளில் வலது, இடது கிடையாது. ஆகவே, சைனஸ் லிஃப்ட்டுக்கு (சைனஸ் தரையை உயர்த்தி எலும்பு வைக்கும் அறுவை) பக்கவாட்டு வழியில் டி7951 (D7951) என்ற சிகிச்சைக் கோடு போடும்போது பக்கம் தப்பாகப் போனாலும் நோய்க் கோடு உங்களைக் காட்டிக்கொடுக்காது. அந்தப் பல் எண்ணை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

இந்த 24, 25, 26 பிரிவு அமெரிக்கப் பதிப்பில் மட்டும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 கே08.2 என்பதோடு நின்றுவிடுகிறது. கூகுளில் தேடி அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு "உட்பிரிவே இல்லையே" என்று குழம்பாதீர்கள். அமெரிக்கப் பட்டியல் ஒவ்வோர் அக்டோபர் 1ஆம் தேதியும் புதுப்பிக்கப்படும். செப்டம்பரில் பார்த்த நோயாளியின் சார்ட் அக்டோபரில் உங்கள் மேசைக்கு வந்தாலும் அதற்குப் பழைய பட்டியல்தான்.