'காதலன்' காதல் கவிதைதான்

கருத்தரங்குக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் லேடி மேரி வொர்ட்லி மாண்டேகுவின் 'காதலன்' பாடலை எடுத்திருக்கிறீர்கள்; அது காதல் கவிதையா, காதலைக் கேலி செய்வதா என்று பிடிபடவில்லை என்கிறீர்கள். காதல் கவிதைதான். தயங்காமல் அப்படியே பேசுங்கள்.

ஏன் இப்படி யாரிடமும் ஒட்டாமல் இருக்கிறாய் என்று நச்சரிக்கும் தோழிக்குப் பதிலாகப் பாட்டு தொடங்குகிறது. பயமோ வெட்கமோ ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமோ காரணமில்லை. ஏமாறத்தான் பிடிக்காது, கணநேர இன்பத்துக்காக வருஷக்கணக்கில் வருந்த மாட்டேன் என்கிறார். அப்புறம் தனக்கு வேண்டிய ஆணை வரைகிறார். படித்தவன், ஆனால் பண்டிதத்தனம் காட்டாதவன். பேச ஒன்றுமில்லாமல் சிரித்து வைக்காதவன். ஊர் பார்க்கையில் மரியாதையாக விலகி நிற்பவன், கூட்டமெல்லாம் கலைந்தபின் அவரோடு ஷாம்பெயினும் கோழிக்கறியுமாக உட்காருகிறான். இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். நிலவும் ரோஜாவும் இல்லை. நல்ல சாப்பாடு, மனம்விட்டுப் பேச ஓர் ஆள். அந்த நூற்றாண்டுக் காதல் வரிகளில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான்.

கேலி இருக்கிறது, ஆனால் அது பாட்டுப் பாடித் துரத்தும் வெட்டி ஆண்கள் மேல். அவர்களைக் கண்டால், ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் கதைகளில் வருவதுபோல் மரமாக இறுகிப்போவோம், ஆறாகக் குளிர்ந்துபோவோம் என்கிறார்.

1712இல், அப்பா பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, வீட்டைவிட்டுப் போய் மணந்தவர் லேடி மேரி. இவ்வகைப் பாடல்கள் முதலில் கையெழுத்துப் படிகளாக நண்பர்களிடையே சுற்றியவை. தோழியிடம் பேசும் அந்தத் தொனி கேட்க வேண்டுமென்றால், கருத்தரங்கில் முழுப் பாட்டையும் வாய்விட்டு வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.